நெஞ்சை அழுத்துவது எது?
மன அழுத்தமும் நெஞ்சு இறுக்கமும் குறித்துச் சீன மருத்துவம் சொல்வது

“இதயத்தில் குறை ஒன்றும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் நெஞ்சு ஏன் இப்படி அழுத்துகிறது, டாக்டர்?” இதயநோய்ப் பிரிவில் பணிபுரியும் எங்களிடம் நோயாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இசிஜி எனப்படும் இதய மின்வரைவு சீராக இருக்கும். இரத்தப் பரிசோதனையிலும் இதயத் தசை சேதமுற்றதற்கான அடையாளம் இராது. ஆயினும் நெஞ்சின்மீது கல் வைத்தாற்போன்ற பாரம் நீங்கியிராது. சற்று நேரம் பேசினால், வேலை இழப்போ, குடும்பத்தில் நேர்ந்த மரணமோ, நெடுநாள் நோயுற்ற பெற்றோரைப் பராமரிக்கும் களைப்போ பின்னணியில் இருப்பது தெரியவரும்.

சிங்கப்பூரில் வாழும் நமக்குச் சீன மருத்துவம் தொலைவில் உள்ளதன்று. குடியிருப்புப் பேட்டைதோறும் சீன மருந்துக் கடைகள் இருக்கின்றன. 1867ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தோங் சாய் மருத்துவ நிலையம் இன வேறுபாடு பாராமல் ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளித்து வந்துள்ளது. எங்கள் நோயாளிகளிலும் சிலர் சீன மருத்துவரை நாடுகின்றனர். அவர்களுள் ஒரு சாரார், “என் கல்லீரலில் ஏதோ தேங்கியிருக்கிறதாம், கல்லீரலுக்குப் பரிசோதனை எழுதிக் கொடுங்கள்” என்று கலங்கியபடி வருகின்றனர். வேறு சிலர் நாங்கள் தரும் மாத்திரைகளோடு மூலிகைக் கஷாயத்தையும் அருந்திவிட்டு, அதை எங்களிடம் சொல்லத் தயங்குகின்றனர். இன்னும் சிலர், ‘இது வெறும் மன அழுத்தம்தான்’ என்று தாமே முடிவுசெய்து, காலங்கடந்து அவசரப் பிரிவுக்கு வருகின்றனர். இம்மூன்றாம் வகையினரைப் பற்றியே எங்களுக்குக் கவலை மிகுதி.

ஆகவே, சீன மருத்துவம் இதனை எவ்வாறு புரிந்துகொள்கிறது என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம். எங்கள் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். நெஞ்சு இறுக்கத்துக்கு மனம் காரணமா என்பது இரண்டாவது கேள்வி. இதயம் நலமாக உள்ளதா என்பதே முதற்கேள்வி. உயிரைப் பறிக்கும் நெஞ்சு வலியும் ஏனைய நெஞ்சு வலிகளும் வேறுவேறு என்பதைச் சீனத்தின் பழைய மருத்துவ நூல்களும் அறிந்திருந்தன.

சொல்லுக்குள் இருக்கும் மருத்துவம்

தமிழில் ‘நெஞ்சு’ என்னும் சொல் மார்பையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். சீன மொழியிலும் அப்படியே. ‘சின்’ என்னும் சொல் இதயத்துக்கும் மனத்துக்கும் பொது. கோபம், அச்சம், துயரம், சிந்தனை ஆகியவற்றைக் குறிக்கும் சீன எழுத்துகளில் இதயத்தைக் குறிக்கும் வடிவம் ஓர் உறுப்பாக அமைந்திருக்கிறது.

நெஞ்சு இறுக்கத்தைச் சீனர்கள் ‘சியோங் மென்’ என்பர். ‘சியோங்’ என்பது மார்பு. ‘மென்’ என்னும் எழுத்தில், கதவின் வடிவத்துக்குள் இதயத்தின் வடிவம் அடைபட்டிருக்கும். கதவின் வடிவம் அவ்வெழுத்தில் ஒலியைக் குறிக்க வந்ததே என்றாலும், காண்போர் மனத்தில் பதிவது அடைபட்ட இதயமே. காற்றோட்டமற்ற அறையின் புழுக்கத்துக்கும், வெளியே சொல்ல இயலாத மனச்சோர்வுக்கும் அதே எழுத்துத்தான்.

சொற்கள் இவ்வாறு அமைந்த பண்பாட்டில், மனத் துன்பம் உடலின் வழியாக வெளிப்படுவது இயல்பு. 1980ஆம் ஆண்டில் சீனாவின் ஹுனான் மாநிலத்துச் சாங்ஷா நகரில், அமெரிக்க மனநல மருத்துவரும் மானிடவியல் அறிஞருமான ஆர்தர் கிளைன்மன் ஓர் ஆய்வை மேற்கொண்டார். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று கண்டறியப்பட்ட 100 பேரை அவர் மீண்டும் பரிசோதித்தார். அவர்களுள் 87 பேருக்குக் கடும் மனச்சோர்வு நோய்க்குரிய அறிகுறிகள் இருந்தன. ஆனால் அவர்கள் மருத்துவரிடம் சொல்லி வந்தவையோ பெரும்பாலும் தலைவலி, உறக்கமின்மை, தலைசுற்றல், உடல்வலி போன்றவை. அவர்கள் பொய் சொல்லவில்லை; வலி மெய்யாகவே இருந்தது. மனம் பட்ட துன்பத்தை உடல் எடுத்துரைத்தது. ‘நெஞ்சு கனக்கிறது’, ‘நெஞ்சு அடைக்கிறது’ என்று சொல்லிப் பழகிய நமக்கும் இது புரியாததன்று.

அரசராகிய இதயம்

சீன மருத்துவத்தின் அடிப்படை நூல் ‘ஹுவாங்தி நெய்ஜிங்’. ‘மஞ்சள் பேரரசரின் உள்ளக நூல்’ என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட இந்நூல், பேரரசருக்கும் அவருடைய அமைச்சர் சி போ முதலியோருக்கும் இடையே நிகழும் உரையாடலாக அமைந்தது. உடலை இது ஓர் அரசாகக் காண்கிறது. அதில் இதயமே அரசர். ஏனைய உறுப்புகள் அமைச்சரும் படைத்தலைவரும் பிற அலுவலருமாக அதனதன் பணியைச் செய்கின்றன. இதயம் இரத்தத்தையும் இரத்தக் குழாய்களையும் ஆள்கிறது. அத்தோடு, ‘ஷென்’ எனப்படும் உணர்வும் அறிவும் அங்கேயே உறைகின்றன. ஷென் நிலைகுலைந்தால் உறக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும், மனம் ஒருநிலைப்படாது.

உடலெங்கும் ஓடுவதாகச் சீன மருத்துவம் கருதும் உயிராற்றலுக்கு ‘ச்சி’ என்று பெயர். ஒவ்வோர் உணர்ச்சியும் அவ்வாற்றலை ஒவ்வொரு வகையில் அசைப்பதாக நெய்ஜிங் கூறுகிறது. கோபம் அதை மேலெழச் செய்யும், மகிழ்ச்சி தளர்த்தும், துயரம் கரைக்கும், அச்சம் கீழிறக்கும், திடுக்கீடு சிதறடிக்கும், ஓயாத சிந்தனை முடிச்சிட்டுவிடும். பின்னர் 1174ஆம் ஆண்டில் சென் யான் என்னும் மருத்துவர் நோய்க்குரிய காரணங்களை மூவகையாக வகுத்தார். குளிர், காற்று முதலானவை புறக்காரணங்கள். மகிழ்ச்சி, கோபம், கவலை, சிந்தனை, துயரம், அச்சம், திடுக்கீடு ஆகிய ஏழு உணர்ச்சிகள் அகக்காரணங்கள். இரண்டிலும் சேராதவை மூன்றாம் வகை. உணர்ச்சிகள் இயல்பானவை; அவை அளவு மீறும்போதும், நெடுநாள் நீடிக்கும்போதும், அடக்கிவைக்கப்படும்போதுமே நோயாகின்றன என்பது இம்மரபின் பார்வை.

‘கல்லீரல்’ என்னும் சொல்லால் வரும் குழப்பம்

ஓடும் ஆற்றல் தடையின்றி ஓடுவதைக் கவனிக்கும் பொறுப்பைச் சீன மருத்துவம் கல்லீரலுக்குத் தருகிறது. மனக்கசப்பும் அடக்கிய கோபமும் இந்த ஓட்டத்தைத் தடுக்கும் என்பது அதன் கருத்து. இந்நிலையையே ‘கல்லீரல் ஆற்றல் தேக்கம்’ என்பர். மார்பும் விலாப்புறமும் விம்முவதுபோன்ற உணர்வு, அடிக்கடி வரும் பெருமூச்சு, பசியின்மை, எரிச்சல், மாதவிலக்குக்கு முன் கூடும் துன்பம் ஆகியவை இதன் அடையாளங்கள். மனக்கவலை கூடினால் இறுக்கம் கூடும். மனம் இலேசானால் குறையும். தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டதைப் போலவும், விழுங்கவும் துப்பவும் இயலாததைப் போலவும் தோன்றும் நிலைக்கு ‘பிளம் பழக் கொட்டை’ என்று அம்மரபில் அழகாகப் பெயரிட்டிருக்கின்றனர்.

இங்கே வாசகர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இங்குக் கூறப்படும் கல்லீரல், நாங்கள் ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் கல்லீரல் அன்று. அது பல செயல்களின் தொகுப்புக்குச் சூட்டப்பட்ட பெயர். ஆகவே ‘கல்லீரல் ஆற்றல் தேக்கம்’ என்று சீன மருத்துவர் சொன்னால், மஞ்சள் காமாலை வருமோ, கல்லீரல் சுருங்கிவிட்டதோ என்று அஞ்சத் தேவையில்லை. அதேபோல், கல்லீரல் பரிசோதனை முடிவுகள் சீராக இருப்பதால் அவர் கூறியது பொய் என்றும் ஆகிவிடாது. இரண்டும் இருவேறு மொழிகள்.

இத்தேக்கத்துக்கென வழங்கும் மருந்துகளுள் புகழ்பெற்றது ‘சியாவ்யாவ் சான்’. கவலையின்றி உலாவுதல் என்பது அப்பெயரின் பொருள். சோங் பேரரசின் அரசு மருந்தக நூலில் இடம்பெற்ற இச்சூரணம் இன்றும் பெருவழக்கில் உள்ளது. அக்குபங்சர் செய்வோர் மணிக்கட்டின் உட்புறத்தில், மடிப்பிலிருந்து மூன்று விரற்கடை மேலே, இரு தசைநாண்களுக்கு இடையே உள்ள ‘நெய்குவான்’ என்னும் புள்ளியில் ஊசி இடுவர். நெஞ்சுப் படபடப்புக்கும் குமட்டலுக்கும் நெடுங்காலமாகப் பயன்படுத்தப்படும் புள்ளி அது.

தேக்கத்திலிருந்து அடைப்பு வரை

நெஞ்சு இறுக்கம் அனைத்தையும் சீன மருத்துவம் உணர்ச்சியின் விளைவாகவே காண்பதில்லை. ஏறத்தாழ கி.பி. 150 முதல் 219 வரை வாழ்ந்த சாங் சோங்ஜிங், ‘சியோங் பி’ என்னும் நோயை விவரித்தார். மூச்சு முட்டல், மார்பிலிருந்து முதுகுவரை ஊடுருவும் வலி, படுக்க இயலாமை ஆகியவை அதன் குறிகள். மார்பில் வெப்ப ஆற்றலான ‘யாங்’ குன்ற, குளிரும் சளியும் அவ்விடத்தை அடைத்துக்கொள்வதே காரணம் என அவர் கருதினார். ‘சியோங் பி’ என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘மார்பு அடைப்பு’ என்றே வரும். நாம் ‘மாரடைப்பு’ என்கிறோம். தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே துன்பத்தை ஒரே வகையில் உணர்ந்திருக்கின்றன.

பின்னர் 1830ஆம் ஆண்டில் வாங் சிங்ரென் ஒரு நூலை வெளியிட்டார். முன்னோர் வரைந்த உடலுறுப்புப் படங்களை அவர் ஐயுற்றார். 1797இல் கொள்ளைநோயால் மாண்ட குழந்தைகளின் உடல்களை நேரில் சென்று பார்த்து, தாம் கண்டதைப் பதிவுசெய்தார். நினைவாற்றல் இருப்பது மூளையில், இதயத்தில் அன்று என்றும் எழுதினார். பழைய நூலையே வேதவாக்காகக் கொள்ளாத போக்கு அம்மரபுக்குள்ளேயே இருந்தது என்பதற்கு அவர் சான்று. நெஞ்சு வலிக்குத் தேங்கிய இரத்தமும் காரணமாகலாம் என்பது அவர் கொள்கை. அதற்கென அவர் வகுத்த மருந்தில் 11 பொருள்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை இரத்த ஓட்டத்துக்கு. சில, தேங்கிய ஆற்றலைக் கலைப்பதற்கு. உணர்ச்சியால் தேங்கும் ஆற்றல் நாளடைவில் இரத்தத்தையும் தேக்கிவிடும் என்று இம்மரபு கருதுவதை இச்சேர்க்கை காட்டுகிறது.

இக்காரணத்தால் சீன மருத்துவர் நோயாளியிடம் நிறையக் கேட்பார். விம்முகிறதா, குத்துகிறதா? இடம் மாறுகிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா? குளிரில் கூடுகிறதா? நாக்கைப் பார்ப்பார், இரு மணிக்கட்டுகளிலும் மூவிரல் வைத்து நாடி பார்ப்பார். இழுத்துக் கட்டிய நரம்பைப் போல் விறைத்த நாடி, தேங்கிய ஆற்றலைக் காட்டும் என்பர். நாக்கில் ஊதா நிறப் புள்ளிகள், தேங்கிய இரத்தத்தைக் காட்டும் என்பர். நோயாளி அமைதியாக உட்கார்ந்து தம் துன்பத்தை முழுமையாகச் சொல்ல இடம் கிடைக்கிறது. அதுவே பலருக்கு ஆறுதல் தருகிறது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. பரபரப்பான மருத்துவமனைகளில் பணிபுரியும் எங்களுக்கு அதில் பாடமும் உண்டு.

‘மெய்யான இதய வலி’

நெய்ஜிங் நூலிலேயே ‘மெய்யான இதய வலி’ என்றொரு நோய் தனியே குறிக்கப்பட்டிருக்கிறது. இதய வலி கடுமையாக இருக்கும். கைகால்கள் மூட்டுவரை குளிர்ந்துவிடும். காலையில் தொடங்கினால் மாலைக்குள்ளும், மாலையில் தொடங்கினால் மறுநாள் காலைக்குள்ளும் உயிர் பிரியும் என்று அந்நூல் எச்சரிக்கிறது. வேறு உறுப்புகளின் சீர்கேட்டால் வரும் நெஞ்சு வலிகளை அது இதனின்றும் பிரித்து, அவற்றுக்கு ஊசியிடும் புள்ளிகளைச் சொல்கிறது. மெய்யான இதய வலிக்கோ மரணத்தை மட்டுமே முன்னுரைக்கிறது.

இன்று அவ்விவரணையைப் படிக்கும் இதய மருத்துவர் எவருக்கும், பெரும் மாரடைப்பால் இரத்த அழுத்தம் வீழ்ந்து கைகால் சில்லிட்ட நோயாளி நினைவுக்கு வருவார். அந்நாளில் அந்நோய்க்கு மருந்தில்லை. இன்று உண்டு. அடைபட்ட குழாயை ஊதுபை கொண்டு திறக்கிறோம். உள்ளே வலைக்குழாய் பொருத்துகிறோம். ஆனால் நோயாளி உரிய நேரத்தில் வந்தால்தான் அது பயன் தரும். இரத்தம் கிடைக்காத இதயத் தசை நிமிடந்தோறும் மடிந்துகொண்டே இருக்கும். மடிந்த தசை மீளாது.

இன்றைய இதய மருத்துவம் என்ன சொல்கிறது?

மனத்துக்கும் மார்புக்கும் தொடர்புண்டு என்பதை இன்று எவரும் ஐயுறுவதில்லை. 52 நாடுகளில் நடைபெற்று 2004ஆம் ஆண்டில் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில், முதன்முறை மாரடைப்புக்கு ஆளானோர், ஆளாகாதோரைவிட, வேலையிலும் வீட்டிலும் பணத்தாலும் மிகுந்த மன அழுத்தம் இருந்ததாகக் கூறினர். 1990ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர்கள் ‘டகோட்சுபோ’ என்னும் நோயை விவரித்தனர். திடீர்த் துயரம் அல்லது அதிர்ச்சிக்குப் பின் இதயத்தின் கீழ்ப்பகுதி உப்பிச் செயலிழக்கிறது. ஆக்டோபஸ் பிடிக்கும் பானையைப் போன்ற அவ்வடிவமே பெயருக்குக் காரணம். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது மிகுதி. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர். ஆயினும் தொடக்கத்தில் இது மாரடைப்பைப் போன்றே தோன்றும், சிலருக்கு உயிராபத்தும் விளைவிக்கும்.

மன அழுத்தத்தின்போது அட்ரினலின் சுரந்து நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. இதயத்துக்கு உயிர்வளி மிகுதியாகத் தேவைப்படுகிறது. ஏற்கெனவே குழாய் குறுகியோருக்கு அப்போது நெஞ்சு வலி வரலாம். குழாய் குறுகாதோருக்கும் வலி வரலாம். விரைந்து மூச்சு விடுவதால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து விரல்கள் மரத்துப்போகும், தலை இலேசாகும், மார்பு இறுகும். விலாத் தசைகள் விறைப்பதும், இரைப்பை அமிலம் மேலேறுவதும் அவ்வாறே மார்பை வருத்தும். ஆஞ்சியோகிராமில் தெரியாத நுண்குழாய்கள் சரியாக விரியாததாலும், குறிப்பாகப் பெண்களுக்கு, நெஞ்சு வலி வருவதுண்டு. ஆதலால் ‘ஒன்றும் இல்லை’ என்னும் பதில் போதாது. பரிசோதனைகள் சீராக இருந்தும் வலி தொடர்ந்தால், மீண்டும் வந்து கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

சீன மருத்துவச் சிகிச்சைகளைப் பற்றியும் முறையான ஆய்வுகள் நடந்துள்ளன. நெடுநாள் நெஞ்சு வலி உடைய 404 பேரிடம் சீனாவில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், வழக்கமான மருந்துகளோடு அக்குபங்சரும் பெற்றோருக்கு வலி வரும் தடவைகள் குறைந்தன. 2023இல் வெளியான மற்றோர் ஆய்வில், மாரடைப்புக்கு உள்ளான ஏறத்தாழ 3,800 பேருள் ஒரு பாதியினருக்கு ‘டோங்சின்லுவோ’ என்னும் சீன மருந்து தரப்பட்டது. மாரடைப்புக்குப் பிந்திய 30 நாள்களில் இதயம், மூளை சார்ந்த கடும் விளைவுகள் அம்மருந்து பெற்றோரில் 3.4 விழுக்காட்டினருக்கும், பெறாதோரில் 5.2 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தன. இவை ஊக்கமூட்டும் முடிவுகள். எனினும் இரண்டிலும் சீன மருத்துவம் வழக்கமான சிகிச்சையோடு சேர்த்தே அளிக்கப்பட்டது, அதற்கு மாற்றாக அன்று. இரண்டும் ஒரே நாட்டில் நடந்தவை. பிற நாடுகளிலும் இவை உறுதிப்படுமாயின் நாங்கள் மகிழ்வோம்.

மருந்துகள் மோதும் இடம்

மனத்தைத் தெளிவிக்கும் மூலிகைதானே, இதய மருந்தோடு அதற்கு என்ன தொடர்பு என்று எண்ணலாகாது. மேலே கூறிய சியாவ்யாவ் சூரணத்திலும் வாங் சிங்ரென் வகுத்த மருந்திலும் ‘டாங் குய்’ வேரும் அதிமதுரமும் உள்ளன. டாங் குய், வார்ஃபரின் மருந்தின் வேகத்தைக் கூட்டி இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். இதய நோய்க்கென விற்கப்படும் ‘டான்ஷென்’ வேரும் அத்தகையது. ஜின்செங், வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கக்கூடும். அதிமதுரத்தை மிகுதியாகவோ நெடுநாளோ உட்கொண்டால் இரத்த அழுத்தம் உயரும். உடலில் பொட்டாசியம் குறையும். டிகாக்சின் உட்கொள்வோருக்கு அது ஆபத்து.

வத்சநாபி இனத்து வேர்கள் முறையாகப் பக்குவப்படுத்தப்படாவிடில் இதயத் துடிப்பைக் குலைத்து உயிரையே மாய்க்க வல்லவை. ‘மா ஹுவாங்’ இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் ஏற்றும். ஷென்னை அமைதிப்படுத்தவென்று முற்காலத்தில் சேர்க்கப்பட்ட ‘சூஷா’ என்னும் செந்நிறக் கனிமம், பாதரசக் கூட்டுப்பொருள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் பெயரறியாத மாத்திரைகளை இதனாலேயே நாங்கள் வேண்டாம் என்கிறோம். அக்குபங்சர் செய்துகொள்வோர், இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்வதையும், இதய முடுக்கி பொருத்தியிருப்பதையும் ஊசியிடுவோரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதய முடுக்கி உள்ளோருக்கு மின்சாரம் செலுத்தும் ஊசிமுறை ஏற்றதன்று.

சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டத்தின்படி, சீன மருத்துவர்கள் அதற்கென அமைந்த வாரியத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். பதிவுபெற்றவரையே நாடுங்கள். உட்கொள்ளும் அனைத்தின் பெயரையும், கஷாயமாயினும் களிம்பாயினும், ஒரு தாளில் எழுதி எங்களிடமும் அவரிடமும் காட்டுங்கள். நாங்கள் கோபிக்க மாட்டோம். மறைக்கப்பட்ட மருந்தைவிட, சொல்லப்பட்ட மருந்தைக் கையாள்வது எங்களுக்கு எளிது.

எப்போது காத்திருக்கலாகாது?

பின்வருவனவற்றுள் ஏதேனும் நேர்ந்தால், அது மனக்கவலைக்கு இடையே வந்ததாயினும், உடனே 995 என்ற எண்ணை அழையுங்கள்.

• மார்பின் நடுவில் அழுத்தமோ இறுக்கமோ வலியோ சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தல், அல்லது விட்டுவிட்டு வருதல்
• வலி இடக்கை, தாடை, கழுத்து, முதுகு ஆகியவற்றுக்குப் பரவுதல்
• மூச்சு முட்டல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், மயக்கம்
• நடக்கும்போது வந்து, நின்றால் அடங்கிய வலி, இப்போது ஓய்வின்போதும் வருதல்

பெண்களுக்கும் முதியோருக்கும் நீரிழிவு உடையோருக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் களைப்பும் மட்டும் தோன்றலாம். நெஞ்சு வலியோடு வண்டி ஓட்டி வராதீர்கள். பிடித்துவிடுதல், தைலம் தேய்த்தல், ஊசியிடுதல், கஷாயம் காய்ச்சுதல் ஆகியவற்றில் நேரத்தைச் செலவிடாதீர்கள். ‘இரவு நேரத்தில் பிள்ளைகளை எழுப்ப வேண்டாம்’ என்று பெற்றோர் பொறுத்துக்கொள்வது உண்டு. அப்பா, அம்மாவிடம் இன்றே சொல்லி வையுங்கள்: எந்நேரமாயினும் எழுப்பலாம் என்று. பரிசோதித்து, மாரடைப்பு இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதயம் நலம் என்று தெரிந்த பின்

முதற்கேள்விக்கு விடை கிடைத்த பின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். இங்குதான் சீன மருத்துவத்தின் பார்வை நமக்கு உதவுகிறது. நெஞ்சின் பாரம் கற்பனை அன்று. அதற்கு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைக் கேட்க வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. எப்போது தொடங்கியது, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று குடும்பத்தார் பொறுமையாகக் கேட்கலாம். ‘எல்லாம் மனப்பிரமை’ என்று சொல்வதைத் தவிர்க்கலாம்.

மூச்சை மெல்ல உள்ளிழுத்து, அதனினும் மெல்ல வெளிவிடும் பயிற்சியை நாளுக்கு இருமுறை செய்யலாம். மருத்துவர் ஒப்புதலோடு நாள்தோறும் நடக்கலாம். தைச்சி போன்ற மென்மையான பயிற்சியைச் சமூக மன்றத்தில் கற்கலாம். பதிவுபெற்றவரிடம் அக்குபங்சர் செய்துகொள்ள விரும்பினால், எங்களிடம் தெரிவித்துவிட்டுச் செய்துகொள்ளலாம். ஆனால் உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமற்ற அழுகை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். பலதுறை மருந்தகத்தின் மருத்துவரிடமே இதைத் தொடங்கலாம். வாழ விருப்பமில்லை என்று எவரேனும் சொன்னால் அன்றே உதவி நாடுங்கள். மனநலச் சிகிச்சை பெறுவது பலவீனமன்று.

பராமரிப்பாளர்களுக்கும் ஒரு சொல். நோயாளியைக் காக்கும் உங்கள் நெஞ்சிலும் பாரம் சேர்கிறது. அடுத்த முறை உங்கள் தாயையோ தந்தையையோ எங்களிடம் அழைத்து வரும்போது, உங்கள் இரத்த அழுத்தத்தையும் அளந்துகொள்ளுங்கள். உங்களுக்கும் நெஞ்சு இறுகுவதுண்டா என்று நாங்கள் கேட்டால், ‘எனக்கென்ன’ என்று ஒதுக்கிவிடாமல் விடை சொல்லுங்கள்.